பையைத் திற, தம்பி!

ஆசிரியத் தொழிலிலே நீண்ட காலம் உழல்பவர்களுக்குப் பாடஞ் சொல்லுவதைத் தவிர வேறு பல வேடங்களும் பழகிவிடுகின்றன. விளையாட்டுப் போட்டியன்று நேரங் குறிக்கின்றோம். பரிசளிப்பு விழாவன்று கதிரை அடுக்குகின்றோம். வாணி விழாவன்று அவலும் கடலையும் பங்கிடுகின்றோம். பரீட்சை மண்டபத்திலே பூனைநடை பயில்கின்றோம். ஆட வேண்டிய வேடங்களையெல்லாம் ஆடி முடித்துவிட்டோம், இனிப் புதிதாக ஒன்றும் நம்மை நாடி வராது என்று நாம் இறுமாந்திருந்த வேளையில், 2019 ஆம் ஆண்டு மே மாதத்திலே, வாயில்காப்போன் வேடம் நம்மைத் தேடி வந்தது.

அக்காலத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஏப்பிரில் 21 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலுள்ள மூன்று தேவாலயங்களிலும், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். விடுமுறை நீடிக்கப்பட்டுப் பாடசாலைகள் மீண்டுந் திறந்தபோது, நாடெங்கும் பாடசாலை வாயில்களில் ஒரு மேசை முளைத்தது. நமது கல்லூரி வாயிலில் முளைத்தது ஆய்வுகூடத்திலே கால் ஆடிக்கொண்டிருந்த பழைய மேசை. அதன் ஒரு பக்கத்தில் முறைவைத்து வந்த பெற்றோர் இருவர். மறுபக்கத்தில் முறைவைத்து வந்த ஆசிரியர் ஒருவர். காலை ஏழு மணிக்கு நமது முறை தொடங்கும். “பையைத் திற, தம்பி!” என்பதே நமக்களிக்கப்பட்ட வசனம்.

எதனைத் தேட வேண்டும் என்று நமக்கு ஒருவருஞ் சொல்லித் தரவில்லை. குண்டு எவ்வாறிருக்கும் என்பதைச் சினிமாப் படங்களிலே கண்டதன்றி வேறு வழியாக நாம் அறியோம். சினிமாவிலோ அஃது எப்பொழுதும் சிவப்பு விளக்கு மினுங்க, ‘டிக் டிக்’ என்று தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் குணமுடையது. அத்தகைய நேர்மையான குண்டு எதுவும் நமது மேசைக்கு வரவில்லை. நாம் கண்டெடுத்தவை வேறு: நடிகர் விஜயின் படம் ஒட்டிய கொப்பி ஒன்று, கிரிக்கெட் பந்துகள் சில, தகப்பனார் கையெழுத்திடாத தேர்ச்சி அறிக்கைகள் பல, புட்டோடு உறவாடிக்கொண்டிருந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழங்கள். ஒருநாள் கணித உபகரணப் பெட்டியிலே உயிருள்ள ஓணான் ஒன்றைக் கண்டோம். அஃது நம்மைக் கண்டு அஞ்சியதா, நாம் அதைக் கண்டு அஞ்சினோமா என்பது இன்றும் தீராத வழக்கு.

சில இடங்களிலே, உள்ளிருப்பது வெளியே தெரியும் கண்ணாடிப் பைகளைக் கொண்டுவருமாறு பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். கடைகளிலே அப்பைகள் வந்து குவிந்தன. ஒரு மாணவன் அப்பையை வாங்கி, உள்ளே புத்தகங்களையெல்லாம் பத்திரிகைத் தாளினாற் சுற்றி அடுக்கிக்கொண்டு வந்தான். “ஏன் தம்பி இப்படி?” என்று வினவினோம். “மழை பெய்தால் நனைஞ்சு போம், சேர்” என்றான். உண்மையோ பொய்யோ, கண்ணாடிப் பைக்குள் காகிதப் பை வைத்த அவனது தர்க்கத்தை மறுக்க நம்மால் இயலவில்லை.

இவ்வாறு காவல் செய்வது போலத் தோற்றமளிக்குஞ் செயல்களுக்குப் ‘பாதுகாப்பு நாடகம்’ என ஒரு பெயருண்டு. புரூஸ் ஷ்னையர் என்னும் அமெரிக்க நிபுணர் 2003 இல் வெளியிட்ட நூலொன்றினால் அது பரவலாயிற்று. ஆபத்தைக் குறைப்பது ஒன்று. ஆபத்துக் குறைந்தது போன்ற உணர்ச்சியை உண்டாக்குவது மற்றொன்று. இரண்டாவதை மாத்திரஞ் செய்வது நாடகம் என்பது கருத்து. அவருடைய நாடு இக்கலையிலே பெரிய அரங்கு. 2001 டிசம்பரில் ஒருவன் சப்பாத்தினுள்ளே வெடிமருந்து மறைத்து விமானமேறினான். அதன் பயனாக அந்நாட்டு விமான நிலையங்களிற் கோடானுகோடி மக்கள் சப்பாத்தைக் கழற்றி நின்றார்கள். அவ்வழக்கம் கைவிடப்பட்டது 2025 ஜூலையிலேதான். இடையே 2015 இல், அரசாங்கமே மாறுவேடத்தில் ஆட்களை அனுப்பிச் சோதகர்களைச் சோதித்தபோது, 70 முறையில் 67 முறை அவர்கள் கோட்டைவிட்டார்கள் என்ற செய்தி வெளியாயிற்று. நமது வகுப்பிலே எழுபதுக்கு மூன்று எடுத்த பையனைத் தகப்பனாரோடு வரச் சொல்லியிருப்போம்.

அமெரிக்கர் இதற்குப் பெயரிட்டிருக்கலாம். ஆயின் பழக்கத்திலே நாம் அவர்களுக்கு மூத்தவர்கள். ஏ9 வீதியால் ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்து பயணஞ் செய்த தலைமுறை நாம். பையைக் கட்டும்போதே அவிழ்ப்பதற்கு வசதியாகக் கட்டுங் கலையை நமது அன்னையார் நன்கறிவார். மேலே அடையாள அட்டை, அதன் கீழே மருந்து, அதன் கீழே துணி, எல்லாவற்றுக்கும் அடியிலே பனாட்டு. கறுத்து ஒட்டும் அப்பொருள் தின்பதற்குரியதே என்பதைத் தெற்கிலிருந்து வந்த சிப்பாய்க்கு அரைகுறைச் சிங்களத்தில் விளக்கி, ஈற்றில் ஒரு துண்டைத் தாமே வாயிலிட்டு மென்று காட்டுவார். அச்சிப்பாயும் இருபது வயதுப் பிள்ளைதான். அவனுக்கும் ஒரு துண்டு கிடைத்த நாளும் உண்டு.

அதற்கும் முன்னர், 1990 இன் பின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்திலே நாம் சிறுவர். யாழ்ப்பாணத்துக்கு வரக்கூடாத பொருள்களின் பட்டியலிலே மின்கலமும் ஒன்று. மின்கலம் இல்லையேல் வானொலி இல்லை. வானொலி இல்லையேல் செய்தியும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை என்று எண்ணியிருப்பார்கள் போலும். நடந்தது யாதெனின், துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலியைப் பாடவைத்தார்கள் நம்மூரவர். சுழற்றும் உத்தியோகம் நமக்கு. நாம் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைப்பார். நாம் உசாரடைந்தால் இளையராஜாவின் இசையும் உசாரடையும். ஒலியைத் தடுக்கப் போட்ட சட்டம், ஒரு சிறுவனின் கைக்கு வலுவைக் கொடுத்ததே கண்ட பலன்.

இக்கதையை நாம் மறந்திருந்தோம். அதனை நினைவூட்டியது அந்த உயிர்த்த ஞாயிறு. நமது தங்கையார் கொழும்பிலே கொட்டாஞ்சேனையில் வசிப்பவர். சைவப் பெண்ணாயினும், அப்பகுதித் தமிழர் பலரைப் போலவே, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குச் சென்று மெழுகுதிரி ஏற்றும் வழக்கமுடையவர். பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில், ஆயினும் பெருநாளன்று போயிருக்கமாட்டார் என்று எவ்வாறு சொல்லுவது? தொலைபேசித் தொடர்பு கிடைக்கவில்லை. வைபரிலே பேசலாம் என்றால், அதுவும் முகநூலும் வட்ஸ்அப்பும் அன்றே முடக்கப்பட்டுவிட்டன. வதந்தி பரவாதிருக்கவே இந்த ஏற்பாடு என்றார்கள். வதந்திக்கு வைபர் தேவையில்லை; அது சந்திக் கடை வாங்கிலிருந்து புறப்பட்டு நமது படலைக்கு வர ஐந்து நிமிடமுஞ் செல்லவில்லை. தங்கையாரின் செய்திதான் வரவில்லை. அன்னையார் சுவாமியறை வாசலில் இருந்தவர் எழுந்திருக்கவேயில்லை.

பக்கத்து வீட்டுப் பையன், நமது கல்லூரியில் உயர்தரம் படிப்பவன், மதிலின் மேலாக எட்டிப் பார்த்தான். “சேர், போனை ஒருக்காத் தாங்கோ. வி.பி.என். போட்டுவிடுறன்” என்றான். அதன் சூட்சுமத்தை அவனே விளக்கினான். நாம் அனுப்பும் செய்தி இரகசிய எழுத்தாக மாற்றப்பட்டு முதலில் வேறு நாட்டிலுள்ள ஒரு கணினிக்குப் போகும்; அங்கிருந்தே வைபருக்குப் போகும்; இங்குள்ள தொலைபேசிக் கம்பனியின் கண்ணுக்கு வைபர் தெரியாது, அவ்வேற்று நாட்டுக் கணினிதான் தெரியும். அவன் தெரிந்தெடுத்த நாடு நெதர்லாந்து. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். 2019 இல் நாம் ஒல்லாந்துக்குப் போனோம், வேட்டியுஞ் சால்வையுமாக, விசா இல்லாமல். டச்சு மொழி விளம்பரம் ஒன்று முதலில் வந்தது; அதன் பின்னே தங்கையாரின் முகம் வந்தது. “அண்ணா, நாங்கள் வீட்டிலைதான், ஒருத்தரும் போகேல்லை” என்ற குரலைக் கேட்டதும் அன்னையார் எழுந்து விளக்கேற்றினார்.

அன்று சைக்கிள் டைனமோ, இன்று வி.பி.என். இடையிலே கடந்தவை முப்பது ஆண்டுகள். ஆயின் தடுப்பவர் தந்திரமும் தடுக்கப்பட்டவர் தந்திரமும் இன்னும் பழைய வீட்டிலேயே குடியிருக்கின்றன. இது நமது கண்டுபிடிப்பன்று. 2022 ஏப்பிரில் 3 ஆந் திகதி, பொருளாதார நெருக்கடியால் மக்கள் வீதிக்கு வந்தபோது, சமூக வலைத்தளங்கள் மீண்டும் முடக்கப்பட்டன. அன்றைய அமைச்சரவையில் இருந்த திரு. நாமல் ராஜபக்ச அவர்களே, தாம் வி.பி.என். மூலமாக எழுதுவதாகவும், அத்தகைய தடைகள் பயனற்றவை எனவும் அதே வலைத்தளமொன்றில் எழுதினார். வாயிலைப் பூட்டிய வீட்டுக்காரர் வேலியிலுள்ள பொட்டால் நுழைந்து வந்து, ‘பூட்டினால் என்ன பயன்?’ என்று கேட்டது போலாயிற்று. அன்று மாலையே தடை நீங்கியது.

வதந்தி தீங்கற்றது என்று நாம் வாதிக்கவில்லை. 2018 மார்ச்சிலே கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, அத்தீக்கு எண்ணெய் வார்த்தவற்றுள் முகநூலும் ஒன்று. அப்பொழுதும் ஒரு வாரத்துக்கு மேல் அதனை முடக்கினார்கள். ஆயின் பகைமையைக் கக்கும் எழுத்துகளை அகற்றுங்கள் என்று இந்நாட்டவர் பலர் அக்கம்பனிக்கு முன்னரே பன்முறை முறையிட்டிருந்தனர். முறைப்பாடுகள் போய்ச் சேர்ந்தன, படித்துச் செயற்படுவாரில்லை. 2020 மே மாதத்தில் அக்கம்பனி மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைக்கு அந்த மன்னிப்பு ஓடாகவும் ஆகவில்லை, கதவாகவும் ஆகவில்லை.

பின்னர் 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பாராளுமன்றத்திலே 108 வாக்குகள் ஆதரவாகவும் 62 எதிராகவும் பெற்று நிறைவேறியது. பொய்யான கூற்றென ஆணைக்குழு காண்பதை அகற்றுவிக்கவும், வழக்குத் தொடரவும் வழிவகுத்த சட்டம் அது. நமது மாணவர்கள் சில கிழமைகளுக்குத் தாம் எழுதும் ஒவ்வொரு பகிடியின் கீழும் ‘இது பகிடி’ என்று குறிப்பெழுதத் தொடங்கினார்கள். திருக்குறளுக்கு உரையெழுதப் பரிமேலழகர் வேண்டியிருந்ததில் நியாயமுண்டு. பகிடிக்கும் ஒரு பரிமேலழகர் வேண்டிய காலமும் வந்ததே என எண்ணிக்கொண்டோம்.

மறைத்தால் மறைந்துவிடும் என்னும் நம்பிக்கை நமது வீட்டுக் கூடத்திலும் நாள்தோறும் அரங்கேறுகின்றது. புகையிலை, மதுசாரம் பற்றிய 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், நம் நாட்டுத் தொலைக்காட்சியில் சிகரெட்டும் மதுக் கிண்ணமும் தோன்றும் இடங்களை மங்கலாக்கி மறைக்கின்றார்கள். நோக்கம் நன்று, நாமும் புகைப்பதில்லை. ஆயின் ரஜினிகாந்த் சிகரெட்டை ஆகாயத்தில் வீசி வாயாற் பிடிக்கும் அக்காலப் படமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெண்புகைத் துண்டொன்று சுழன்று பறந்து அவர் முகத்திலே ஒட்டிக்கொண்டது. “அப்பா, அந்த மேகம் என்ன?” என்றாள் இளைய மகள். விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அதுவரை சிகரெட்டைப் பற்றி ஒன்றும் அறியாதிருந்த குழந்தை அன்று அறிந்துகொண்டது. அடுத்த காட்சியில் பதினைந்து பேர் சுடப்பட்டு விழுந்தனர். துப்பாக்கியின் மீது எந்த மேகமும் படியவில்லை.

இவ்வளவும் சிரிப்பதற்குரியனவாயின் இக்கட்டுரையை இங்கேயே நிறுத்தியிருப்போம். சிரிக்கவொண்ணாத செய்தி வேறொன்றுளது.

அக்குண்டுகள் வெடிப்பதற்கு இரு கிழமைகளுக்கு முன்னரே, ஏப்பிரில் 4 ஆந் திகதி, இந்தியப் புலனாய்வுத் துறையின் எச்சரிக்கை நம் நாட்டுக்குக் கிடைத்திருந்தது. 11 ஆந் திகதி பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவர் ஒப்பமிட்ட கடிதமும் புறப்பட்டது. கத்தோலிக்க தேவாலயங்கள் இலக்காகலாம் என அதிலே எழுதியிருந்தது. யார் செய்யக்கூடும் என்றும் எழுதியிருந்தது. அக்கடிதம் பிரமுகர்களைக் காக்கும் பிரிவுகளுக்குப் போயிற்று. குழந்தைகளைக் கைப்பிடித்துப் பூசைக்குப் புறப்பட்டவர்களுக்கு ஒருவருஞ் சொல்லவில்லை. 2023 ஜனவரி 12 ஆந் திகதி உயர் நீதிமன்றம் இக்கவனக்குறைவைக் கண்டித்து, முன்னாள் ஜனாதிபதி திரு. மைத்திரிபால சிறிசேன அவர்கள் 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது; உயரதிகாரிகள் சிலரும் செலுத்துமாறு பணிக்கப்பட்டனர். வள்ளுவர் அரசியலை வகுத்தபோது ‘ஒற்றாடல்’ என ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். ஒற்றர் கொண்டுவந்த செய்தியைக் கேளாதிருந்துவிட்டுப் பின்னர் பள்ளிப் பிள்ளைகளின் சோற்றுப் பெட்டியைத் திறந்து பார்க்குமாறு அவர் எங்குங் கூறவில்லை.

கேளாச் செவியின் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களோ வேறு. அந்த மே மாதத்திலேயே முஸ்லிம் பெண்ணொருவர், தமது ஆடையிலே கப்பற் சுக்கான் பொறித்திருந்தமையாற் கைதானார். அச்சுக்கானைத் தர்மச் சக்கரம் எனக் கருதினார்களாம். இரு வாரங்களுக்கு மேல் அவர் சிறையிலிருந்தார். அப்பொழுது நாம் வகுப்பிலே சிலப்பதிகாரக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: “சேர், சிலம்பை உடைச்சுப் பாக்கிறதைக் கோவலன் உயிரோடை இருக்கேக்கை செய்திருக்கலாமே?” உள்ளிருப்பது முத்தா மாணிக்கமா என்று பாண்டியன் பார்த்தது கொலை நிகழ்ந்த பின்னரன்றோ! அவனுக்கு அளிக்க நம்மிடம் விடை இருக்கவில்லை. புள்ளி மாத்திரம் இருந்தது, அதனை அளித்தோம்.

நமது வாயில் மேசையிலே கண்டெடுத்தவற்றுள் ஒன்றை மேலே சொல்லாது விட்டோம். அதனையுஞ் சொல்லிவிடுவதே முறை.

மூன்றாங் கிழமையில் ஒருநாட் காலை, நமது வகுப்பு மாணவன் ஒருவன் முறைக்கு வந்தான். தரம் பத்து, யன்னலோர வாங்கிலே இருப்பவன், அதிகம் பேசாதவன். பையைத் திறந்தான். புத்தகங்களுக்கு நடுவே சோற்றுப் பெட்டி இருந்தது. அதனைத் தொட்டதும், “சாப்பாடு, சேர்” என்று சொல்லி மேலே கையை வைத்துக்கொண்டான். கடமை நம்மைப் பற்றியிருந்த வேளை அது. வாங்கித் திறந்தோம். கழுவித் துடைத்த வெறும் பெட்டி. உள்ளே கரண்டி ஒன்று கிடந்தது. அவன் நம்மைப் பார்க்கவில்லை. நமது கைகளைப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் நின்றார்கள்.

பெட்டியை மூடினோம். “புட்டோ? சரி, கவனமாகக் கொண்டு போ, தம்பி” என்று வரிசையிற் கடைசியில் நின்றவனுக்குங் கேட்கும்படி உரைத்தோம். அம்மூன்று கிழமையில் நாம் ஆடிய நாடகத்திலே ஒருவனுக்காவது பயன்பட்ட வசனம் அதுவொன்றே.

ஆசிரியர் அறைக்குச் சென்று அவனுடைய தேர்ச்சி அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். முதலாந் தவணை முடிவிலே நமது கையெழுத்தில் இவ்வாறிருந்தது: ‘தனிமை விரும்பி. பிறருடன் பழகுதல் குறைவு.’ இடைவேளை தோறும் அவன் பெட்டியோடு வேப்பமரத்தடிக்குத் தனியே செல்வதை நாம் கண்டுதான் இருந்தோம். கண்டதைத் தவறாக வாசித்திருந்தோம். நமக்கும் ஒரு கடிதம் வந்தேயிருந்தது, நாள்தோறும் வந்தது, நமது யன்னலோரத்திலேயே இருந்தது. கொழும்பிலே கடிதத்தைப் பிரித்துப் படிக்காதவர்களை வைய நமக்கிருந்த உரிமை அன்றோடு பாதியாகிவிட்டது.

அதன் பின் நடந்தவை விரிவாகச் சொல்லத்தக்கவையல்ல. நூலகத்திலே புத்தகம் அடுக்க இடைவேளையில் ஓர் உதவியாளன் தேவை என்று அதிபரிடஞ் சொன்னோம். நூலகத்தில் வேலை செய்பவருக்குச் சிற்றுண்டிச்சாலையிலிருந்து உணவு வருவது வழமை என்றுஞ் சொன்னோம். அத்தகைய வழமை எதுவும் அதுவரை இருந்ததில்லை என்பதை அதிபரும் அறிவார். அவர் ஒன்றுங் கேட்கவில்லை. பையன் ஒழுங்காகப் புத்தகம் அடுக்கினான். சாதாரண தரத்திலே சித்தியுமெய்தினான். அந்த வேலையின் இரகசியத்தை அவன் அறிந்திருந்தானா என்பதை நாமும் இன்றுவரை வினவவில்லை.

காவலே வேண்டாம் என்பது நமது கட்சியன்று. வாயிலில் ஒருவர் நிற்பது நன்றே. ஆயினும், வாயிலில் நிற்பவர் பார்ப்பது பையை. உள்ளே இருப்பவர் பார்க்க வேண்டியது பிள்ளையை. முன்னையதைச் செய்துவிட்டால் பின்னையதைச் செய்துவிட்டதாகவே ஒரு நிறைவு வந்துவிடுகின்றது. ஆபத்தாயினும் பசியாயினும் அந்நிறைவின் நிழலிலேதான் வளர்கின்றது.

அம்மேசை மீண்டும் ஆய்வுகூடத்துக்குப் போய்விட்டது. அதன் கால் இன்னும் ஆடுகின்றது. நாம் இடைவேளை மணி அடித்ததும் வேப்பமரத்தடியை ஒருமுறை நோக்கிவிட்டே தேநீருக்குச் செல்கின்றோம். இதற்கெனக் கல்வித் திணைக்களத்திலிருந்து சுற்றறிக்கை எதுவும் வரவில்லை.